அக்கா ஓட்டி வந்த வீடு

ஒரு கலியாணத்தை நிறுத்துவதற்காகத்தான் நான் கனடாவுக்குப் போனேன். மணப்பெண் என் சொந்த அக்கா. வயது ஐம்பத்தெட்டு.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்ட என் கணவர், தள்ளுவண்டியில் இருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "கலியாணத்த நிப்பாட்டப் போற ஆளுக்கு எதுக்கு இவ்வளவு கருவாடு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சண்டை பிடிக்கப் போனாலும் அக்காவிடம் வெறுங்கையோடு போக முடியாது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பிவிட்டார்.

அழைத்தவன் அக்காவின் மகன் நிரூபன். "சித்தி, அம்மா உங்கட சொல்லைத்தான் கேப்பா. ஒருக்கா வந்து கதையுங்கோ" என்று மாதக்கணக்காகத் தொலைபேசியில் கெஞ்சினான். மட்டக்களப்புத் தாய்க்குப் பிறந்த பிள்ளை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்து யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறான். அத்தான் இறந்தபிறகு அக்கா பிஸ்கட் தொழிற்சாலையில் நின்று உழைத்து அவனைப் படிக்க வைத்தார். இப்போது விட்பியில் அவனும் மனைவி தர்ஷியும் புது வீடு வாங்கி, அக்காவுக்கு அதில் ஒரு அறையும் கொடுத்து, "இனி அம்மா சும்மா இருக்கட்டும்" என்று நினைத்திருந்த வேளையில், அக்கா தனக்கு ஒருவரைப் பிடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

விட்பி ஒரே மாதிரி வீடுகளின் ஊர். நான் முதல் நாள் நடக்கப் போய், திரும்பி வந்து வேறொருவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த சீனக் கிழவர் கோபிக்கவில்லை. இது வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் போலிருக்கிறது. கையை நீட்டி இரண்டு வீடு தள்ளிக் காட்டினார்.

"சித்தி, I have nothing against him" என்றான் நிரூபன், அக்கா படுக்கப் போனபிறகு இரவுச் சாப்பாட்டு மேசையில். "அந்த ஆள் நல்ல ஆளாயே இருக்கட்டும். ஆனா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டவ. இப்பதான் நான் அவவைப் பாக்கிற நேரம். இந்த வயசில போய் இன்னொருத்தருக்குச் சமைச்சுப் போடோணுமோ?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போதாததற்கு, ஊரில் இந்தச் செய்தியை எந்த முகத்தோடு சொல்வது என்ற கவலை எனக்குத் தனியாக இருந்தது. தர்ஷி மட்டும் கோப்பை கழுவும்போது என் பக்கம் சாய்ந்து, "எனக்கு இது ஓகேதான் சித்தி. இவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

நான் பேச வந்ததற்கு அக்கா இடமே தரவில்லை. வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. பேருந்து என்று நான் நினைத்தது ஆர்வி. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி. சாரதி இருக்கையிலிருந்து வெள்ளை மீசை வைத்த ஒரு மெலிந்த மனிதர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, "வணக்கம், நான் பாலன்" என்றார். நிரூபன் மாடியறையின் திரையை இழுத்து மூடினான்.

"பேச வேணுமெண்டாத் தாராளமாப் பேசு புள்ள" என்றார் அக்கா, என் பையைத் தூக்கிக்கொண்டே. "காட்டுக்குள்ள போய்ப் பேசுவம். ஏறு."

பாலன் அண்ணை முப்பது வருடம் ரொறன்ரோவில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து கனகாலம், மகள் வன்கூவரில். அவருடைய வழித்தடத்தில்தான் அக்கா காலைவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பனிக்குள் ஓடிவருவதைக் கண்டால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்து நிற்பாராம். "மற்றச் சனம் பேசுமே?" என்று கேட்டேன். "பேசும்தான்" என்றார் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "அதுக்குத்தான் இஞ்ச எல்லாரும் காதில ஏதாவது செருகிக்கொண்டு ஏறுகினம்."

அவர் ஆர்வியையும் பேருந்தாகவே ஓட்டினார். திரும்புவதற்கு முன் அறிவித்தார். நிறுத்துவதற்கு முன், "பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். ஒரு இடத்தில் தெருவோரம் நின்ற பெண்ணொருத்தியைக் கண்டு வேகத்தைக் குறைத்தேவிட்டார். அக்கா அவருடைய தோளில் தட்டி, "இஞ்சப் பாருங்க, இது உங்கட பஸ் இல்ல" என்றார். அக்கா அவரை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதை அப்போது கவனித்தேன். அண்ணை என்று சொல்ல முடியாது, பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை. 'இஞ்சப் பாருங்க' என்பதே அவருடைய பெயராக இருந்தது.

நாங்கள் போனது ஹலிபேர்ட்டன் பக்கத்து மலைக்காட்டுக்கு. மலை என்றதும் நான் நுவரெலியாவை எதிர்பார்த்துக் கம்பளிச் சட்டை எடுத்து வைத்திருந்தேன். அண்ணாந்து பார்க்க ஒரு மலையும் இல்லை. வண்டி ஏறி ஏறி, காது அடைத்து, மேலே போய்ச் சேர்ந்ததும் நிலம் விரிந்து கிடந்தது. கண் எட்டும்வரை காடு, காட்டுக்கு நடுவே ஏரி, ஏரி முடிந்ததும் மறுபடி காடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒருமுறை ஹோட்டன் சமவெளிக்குப் போயிருக்கிறேன். அங்கே காற்று நம்மை நிற்கவிடாது. இங்கே காற்றே இல்லை. காற்றின் இடத்தைக் கடிக்கிற நுளம்பு எடுத்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு பெரிய பைன் மரங்களுக்கு இடையில். அதற்குள் வண்டியைப் பின்பக்கமாக விடவேண்டும். அக்கா ஒரு பக்கம், நான் மறுபக்கம். மட்டக்களப்புப் பேருந்தில் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறவள் நான். என்னை அறியாமல் நடத்துனர்போல வண்டியின் உடம்பில் கையால் தட்டி, "றைற், றைற், வரட்டும், வரட்டும்" என்று கத்தத் தொடங்கினேன். பக்கத்து முகாம்களில் இருந்தவர்கள் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். வண்டி மரத்தில் முட்டாமல் நின்றதும் யாரோ கை தட்டினார்கள்.

இறங்கியதும் பாலன் அண்ணை முதலில் செய்த வேலை, சற்றுத் தள்ளி ஒரு சிறு கூடாரம் அடித்தது. "நீங்கள் ரெண்டுபேரும் உள்ளுக்குப் படுங்கோ. எனக்கு உது போதும்" என்றார். அவ்வளவு பெரிய வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவர், நான் வந்த காரணத்தால் வெளியே படுக்கிறார் என்று புரிந்தது. புரிந்தும் புரியாததுபோல் இருந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கருவாட்டுப் பிரச்சினை.

அக்கா வெளியடுப்பில் கருவாடு பொரித்தார். மணம் பைன் மரங்களையும் தாண்டி ஏரிப்பக்கம் போனது. சிறிது நேரத்தில் வனக்காவலர் உடுப்புப் போட்ட ஒரு இளம்பெண் வந்தாள். இங்கே கரடிகள் உண்டு, சாப்பாடு எதுவும் வெளியே இருக்கக்கூடாது என்று பணிவாகச் சொல்லிவிட்டு, சட்டியை எட்டிப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டாள்.

"மீன்" என்றார் பாலன் அண்ணை.

"இந்த மீன் எப்போது இறந்தது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சித்திரை மாதம் என்றேன். அவர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அந்தப் பெண் குறிப்பேதும் எழுதாமல், கரடிகள்கூட இதற்கு வராது என்று நினைக்கிறேன், ஆனாலும் உள்ளே சமையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே சமைத்தோம். புகை உணர்கருவி அலறியது. பாலன் அண்ணை கதிரையில் ஏறி நின்று துவாயால் அதற்கு விசிறினார். பிறகு மூன்று பேரும் கண்ணீர் வடிய உட்கார்ந்து சோறும் கருவாடும் சாப்பிட்டோம். சமைத்தவர் அக்கா, கோப்பை கழுவியவர் அவர். சமைத்துப் போடவேணுமோ என்று நிரூபன் கேட்டது நினைவு வந்தது. காலைத் தேநீரும் அவர்தான் போட்டிருந்தார். எனக்குச் சீனி கூடவும் அக்காவுக்குச் சீனி இல்லாமலும், கேட்காமலே.

"எங்கட யாழ்ப்பாணத்தில ஒரு கதை சொல்லுவினம்" என்றார் கழுவிக்கொண்டே. "மட்டக்களப்புக்குப் போறவனைப் பாயோட ஒட்ட வைச்சுப்போடுவினம், திரும்பி வரமாட்டான் எண்டு. நான் மட்டக்களப்புக்குப் போனதே இல்லை பிள்ளை. ஸ்காபரோ பஸ்ஸில வைச்சு உங்கட அக்கா ஒட்டிப்போட்டா."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன்.

பின்னேரம் அக்காவோடு ஏரியைச் சுற்றி நடக்கப் போனேன். இதுதான் தருணம் என்று நான் தயாராக வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். மகனின் மனம், சம்பந்தி வீட்டுப் பேச்சு, ஊர்ப் பேச்சு, வயது. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பாதையின் குறுக்கே விழுந்துகிடந்த மரம் ஒன்றில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் இருந்த கல்லைத் தட்டினார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது."

"நிரூ நல்ல புள்ள. எனக்கு அறை தந்திருக்கான், டிவி தந்திருக்கான். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா மறுகா பின்னேரம் ஆறு மணிக்குத்தான் ஒரு மனிசக் குரல் கேக்கும். சில நாளில நானே என்னோட கதைச்சுப் பாத்திருக்கன், குரல் இருக்கா எண்டு." கல் விழுந்துவிட்டது, இருந்தும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு வருசமா இவரைப் பொறுங்க, பொறுங்க எண்டு சொல்லிக்கொண்டு இருக்கன். அவன் மனம் வந்து ஓம் எண்டாத்தான் செய்வன். இல்லையெண்டா இல்ல. இதையும் இவரிட்டச் சொல்லிட்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"எனக்கு எங்கயும் அவசரமாப் போக இல்லை எண்டார்."

நுளம்பு அடித்துக்கொண்டு திரும்பினோம்.

பக்கத்து முகாமில் லிண்டா என்ற வெள்ளைக்காரப் பெண்மணி தன் கணவரோடு இருந்தார். அன்று மாலை பட்டர் டார்ட் என்ற இனிப்பை ஒரு தட்டில் கொண்டுவந்தார். ஒன்று தின்றால் இரண்டு நாளைக்குத் தித்திக்கும். அக்காவும் பாலன் அண்ணையும் விறகை வைத்துக்கொண்டு நெருப்பு மூட்டத் தெரியாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். லிண்டா அவர்களைப் பார்த்துச் சிரித்து, "இவர்களுக்குத் திருமணமாகி எத்தனை வருடம்?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் ஆகவில்லை."

"அப்படியா? எதற்காகக் காத்திருக்கிறார்கள்?"

"எனக்காக" என்று வாயில் வந்துவிட்டது.

லிண்டாவுக்கு அது விளங்கவில்லை. நல்லது என்பதுபோல் தலையசைத்துவிட்டு இன்னொரு டார்ட்டை என் கையில் வைத்தார்.

அடுத்த நாள் விடியும்போது மழை. கண்விழித்து ஜன்னலால் பார்த்தேன். கூடாரம் ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் கிடந்தது. பாலன் அண்ணை வண்டியின் வெளிப்பந்தலுக்குக் கீழே, நனைந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு மடிப்புக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்டினால் நாங்கள் எழும்பிவிடுவோம் என்று இருந்திருக்கிறார். நான் கதவைத் திறந்து, "உள்ளுக்கு வாங்க அண்ணை" என்றேன். அண்ணை என்று நான் அவரை நேரே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்றே புறப்படும் நாளும். நனைந்த குளிரோ என்னவோ, கழிவுத் தண்ணீர்க் குழாயைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. எங்கள் இருவரையும் அந்தக் குழாய்ப் பக்கம் அண்டவிடாமல் தானே செய்கிறேன் என்று போனவர். லிண்டாவின் கணவர் ஓடிவந்து ஆளைத் தாங்கி உள்ளே ஏற்றினார். அவருக்கும் முதுகு நோய் உண்டாம். மாத்திரை கொடுத்து, காலை அசைக்கச் சொல்லிப் பார்த்து, பிடிப்புத்தான், வீட்டுக்குப் போய்த் தரையில் படுக்கட்டும் என்றார்.

வீட்டுக்குப் போவது எப்படி? மத்தியானத்துக்குள் இடத்தை அடுத்தவர்களுக்கு விடவேண்டும். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. வாசல் அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறது, அங்கே போய் நிரூபனைக் கூப்பிடுவோம் என்றேன்.

"வேணாம்" என்றார் அக்கா. "இப்ப அவனைக் கூப்பிட்டா, இந்தக் கிழவனைப் பாக்கத்தானே போறீங்க எண்டு கேப்பான். அதுக்கு மறுகா எனக்குப் பதில் இல்ல."

சொல்லிவிட்டுச் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அதை முன்னுக்கு இழுத்தார். இழுத்தும் கால் சரியாக எட்டவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார். அக்காவுக்கு நிரூபனின் காரை ஓட்டிப் பல வருடப் பழக்கம். இந்த வண்டிக்கும் அந்த அனுமதிப்பத்திரமே போதுமாம். ஆனால் ஒருநாளும் தொட்டதில்லை.

நான் பக்கத்து இருக்கையில். பாலன் அண்ணையைப் பின்னால் நீள வாங்கு இருக்கையில் நிமிர்த்தி வைத்துப் பெல்ட் போட்டிருந்தோம். அங்கிருந்து அவர் கண்ணுக்குத் தெரு தெரியாது. ஆனாலும் முப்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா?

"இப்ப இடப்பக்கம் வளைவொண்டு வரும்."

வளைவு வரவில்லை.

"பிறேக்கை அமத்தாதேங்கோ, மெல்லத் தொடுங்கோ. பின்னால ஆர் வாறான்? கண்ணாடியைப் பாருங்கோ."

பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. இறக்கத்தில் அக்கா மாட்டுவண்டி வேகத்தில் போனார். கார்கள் வால்போல நீண்டிருந்தன. ஒருவர் முந்திக்கொண்டு போகும்போது கையால் ஏதோ காட்டினார். நான் நன்றி சொல்கிறாராக்கும் என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தேன்.

ஒரு திருப்பத்தில், தெரு நடுவே மூஸ் நின்றது. மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் செய்யப் போய் அளவு தவறியதுபோல ஒரு மிருகம். அக்கா பிறேக்கை அமத்தினார். அலமாரிக் கதவு திறந்து பருப்புப் போத்தல் விழுந்து உடைந்தது. சட்டி உருண்டு என் காலடிக்கு வந்தது. பின்னாலிருந்து முனகல். மூஸ் எங்களைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் காட்டுக்குள் இறங்கியது.

"என்ன நடந்தது? ஹோர்ன் அடிச்சிருக்கோணும். நான் சொல்லுறன், இப்ப கியரை..."

"பாலன், வாய மூடுங்க."

அக்கா தன் வாயில் வந்த பெயரைத் தானே கேட்டதுபோல் ஒரு நொடி தெருவைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெல்லக் காலை எடுத்தார், வண்டி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். முதுகு நோவோடு அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்காவும் பிழை விடவில்லை. ஒஷாவா தாண்டும்போது மழையும் நெரிசலும் சேர்ந்து வந்தன. இருபக்கமும் பாரவண்டிகள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அக்காவின் கை மணிக்கட்டில் நரம்பு தெரிந்தது. நான் எனக்குத் தெரிந்த அம்மன்களை எல்லாம் கூப்பிட்டேன். அக்கா கூப்பிடவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்பியில் நிரூபன் வாசலில் நின்றான். வண்டி நின்று சாரதிக் கதவு திறந்து தாய் இறங்குவதைக் கண்டு மழைக்குள் ஓடி வந்தான்.

"அம்மா, you drove this? ஏன் எனக்குக் கோல் பண்ணேல்ல?"

"சிக்னல் இல்ல" என்றார் அக்கா. பிறகு, "இருந்திருந்தாலும் பண்ணியிருக்க மாட்டன் நிரூ" என்றார்.

மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே பாலன் அண்ணை தானாக இறங்க முயன்று படியைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றார். நிரூபன் போனான். தன் தோளை அவருடைய கக்கத்துக்குள் கொடுத்துத் தாங்கி, வீட்டுக்குள் கூட்டி வந்து, வரவேற்பறைத் தரைவிரிப்பில் படுக்க வைத்தான். முழங்காலுக்குக் கீழே வைக்கத் தலையணை எடுத்து வந்தவள் தர்ஷி.

அன்று பின்னேரம் சமையலறையில் என்னிடம் வந்தான். "அம்மா எனக்குப் பயந்துகொண்டு இருக்கிறா எண்டு நான் நினைக்கேல்ல சித்தி" என்றான்.

"பயமில்லடா. நீ ஓம் எண்டு சொல்லும் வரைக்கும் ரெண்டு வருசமாக் காத்துக்கொண்டு நிக்கிறா. இல்லையெண்டு சொன்னா விட்டிருவா. அதுவும் அந்த மனிசனுக்குத் தெரியும்."

அவன் தண்ணீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தான். "நீங்க கதைச்சுப் பாத்தனீங்களோ?"

"கதைச்சன். உன்ர பக்கத்த ஒண்டும் விடாமச் சொன்னன்."

"பிறகு?"

"பிறகு அவ என்னை இஞ்ச கொண்டுவந்து சேத்தா."

பாலன் அண்ணை எழும்பி நடக்கச் சில நாட்கள் ஆகின. அதுவரை அந்தத் தரைதான் அவருடைய இருப்பிடம். வேலையால் வரும் நிரூபன் முதல் நாள் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனான். அடுத்த நாள் சோபாவில் உட்கார்ந்தான். அதற்கடுத்த நாள் நான் இறங்கி வரும்போது, தரையில் அவருக்குப் பக்கத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து ஹொக்கி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் வேறு வேறு அணி. "அங்கிள், உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்ல" என்று அவன் சொன்னது படிக்கட்டுவரை கேட்டது.

நிரூபன் அம்மாவிடம் ஓம் என்றுவிட்டான்; என் பயணச்சீட்டை இரண்டு வாரம் தள்ளிப் போட்டோம். நகரமண்டபத்தில் ஒரு சின்ன அறை. பதிவு செய்கிற அம்மாள் பெயர்களைச் சொல்லத் திண்டாடி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சொன்னார். சாட்சிகள் நானும் தர்ஷியும். என் கணவர் கைப்பேசித் திரையில் இருந்து, கருவாடு வீண்போகவில்லை என்றார்.

அக்கா கையெழுத்திடக் குனிந்தபோது தோளில் இருந்த கைப்பை வழுக்கி வழுக்கி வந்தது. நிரூபன் முன்னே வந்து அதை வாங்கிக்கொண்டான். எல்லாம் முடிந்து, படம் எடுத்து, வெளியே கார்வரை நடக்கும்வரையும் அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.